களவுப் பிராதும் சூலிஸ் தேவியும்: ரோமர் ஆட்சியில் ஒரு கெல்டியத் தெய்வம்

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பாத் நகரின் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஈயத்தகடுகளுள் ஒன்றில், புரூசெரஸின் மகன் டொசிலியானஸ் என்பவர் கொடுத்த பிராது உள்ளது. தம்முடைய முக்காடு வைத்த மேலங்கியைத் திருடியவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமையல்லாதவரோ, அவருக்குச் சூலிஸ் தேவி சாவைத் தர வேண்டும் என்று அவர் கேட்கிறார். அந்த அங்கியைத் தேவியின் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை திருடியவருக்கு உறக்கம் கூடாது, இப்போதும் இனியும் பிள்ளைப்பேறு கூடாது என்றும் வேண்டுகிறார். எழுதிய மொழி லத்தீன். முறையீட்டைப் பெறும் தெய்வமோ, ரோமப் படைகள் கி.பி. 43இல் பிரிட்டனில் இறங்குவதற்கு முன்பே அந்த ஊற்றுக்கு உரியவளாக இருந்தவள்; பிரிட்டனிலும் மேற்கு ஐரோப்பாவிலும் வாழ்ந்த கெல்டியர் என்ற மக்களின் தெய்வம்.

ரோமப் பேரரசின் கீழ் கெல்டியத் தெய்வங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால், வழக்கமாக ஒரே விடைதான் வருகிறது: ரோமர் உள்ளூர்த் தெய்வங்களுக்குத் தம் தெய்வங்களின் பெயரைச் சூட்டி அவற்றைத் தமக்குள் கரைத்துக்கொண்டார்கள் என்பது அது. இந்த விடை முழுப் பொய்யில்லை. ஆனால் பாத் நகரத்துச் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அது போதாது என்று தெரிகிறது. சூலிஸுக்கு ரோம் ஒரு கோயிலைத் தந்தது, ஒரு முகத்தைத் தந்தது, அவளிடம் முறையிடுவதற்கான எழுத்தையும் வாசகத்தையும் தந்தது. அவளுடைய அதிகாரம் மட்டும் அவளிடமே இருந்தது. இந்தக் கருத்தைச் சான்றுகளைக் கொண்டு நிறுவுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

ஊற்றும் கட்டடமும்

பாத் நகரத்தின் முதன்மை ஊற்றில் நாள்தோறும் சுமார் 11,70,000 லிட்டர் நீர், ஏறத்தாழ 46 பாகை செல்சியஸ் வெப்பத்தோடு பொங்கி வருகிறது. குளிர்நாட்டுச் சதுப்பு ஒன்றின் நடுவே ஆவி பறக்க, சுற்றிலும் இரும்புத் துரு நிறத்தில் மண் படிய, இப்படி ஒரு நீர் ஓயாமல் வருவதைக் கண்டவர்கள் அங்கே தெய்வம் இருப்பதாகக் கருதியதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. ரோமர் காலத்துக்கு முந்தைய கெல்டிய நாணயங்கள் சில அந்த ஊற்றுக்குள் கிடைத்துள்ளன. ஊற்றை நெருங்குவதற்காகச் சேற்றின் மீது சரளைக் கற்களால் போடப்பட்ட மேடு ஒன்றும் கண்டறியப்பட்டுள்ளது. சூலிஸின் பழைய வழிபாட்டுக்கு எழுத்துச் சான்று கிடையாது, ஏனெனில் அப்பகுதி மக்கள் எழுதி வைக்கும் வழக்கம் உடையவர்கள் அல்லர்.

கி.பி. 60களிலும் 70களிலும் இந்த இடம் அடியோடு மாறியது. ஊற்றைச் சுற்றி ஓக் மரத் தூண்களைச் சேற்றில் அறைந்து, அதன் மீது பெரிய சுண்ணாம்புக் கற்பாளங்களால் சுவர் எழுப்பி, உட்புறம் ஈயத்தகடு போர்த்தி, பொங்கும் நீரை ஒரு தேக்கத்துக்குள் அடக்கினார்கள். மிகுதி நீரும் மணலும் வெளியேற வடிகால் வைத்தார்கள். தேக்கத்துக்கு ஒரு பக்கம் நீராடு மண்டபங்கள். மறுபக்கம் முகப்பில் நான்கு கொரிந்தியத் தூண்கள் கொண்ட, பிரிட்டனில் அக்காலத்தில் அரிதான, முழு ரோமப் பாணிக் கோயில். நீராடும் பெருங்குளத்தின் தரையில் பதித்த ஈயப் பாளங்கள் இன்றும் அதே இடத்தில் நீரைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் காலக்கணக்கு கவனிக்கத் தக்கது. கி.பி. 60இல் ரோம ஆளுநர் சுவெட்டோனியஸ் பாலினஸ் ஆங்கிள்சி தீவைத் தாக்கி, ட்ரூயிடுகள் என்ற கெல்டியப் பூசாரிகளின் புனிதச் சோலைகளை வெட்டி அழித்தார். அதையொட்டி பூடிக்கா அரசியின் கிளர்ச்சி மூண்டு லண்டன் உட்பட மூன்று நகரங்கள் தீக்கிரையாயின. அந்த நெருப்பு அணைந்த சில ஆண்டுகளுக்குள், அதே பிரிட்டன் தீவின் மற்றொரு மூலையில் ஓர் உள்ளூர்த் தெய்வத்துக்குப் பெரும் பொருட்செலவில் கோயில் எழுகிறது. ட்ரூயிடுகள் என்ற அமைப்பைத்தான் ரோம் பகையாகக் கருதியது. அவர்கள் வணங்கிய தெய்வங்களை அது பகைக்கவில்லை. காயம்பட்ட மாகாணத்தைச் சமாதானப்படுத்தும் அரசியல் கணக்கு இந்தக் கட்டுமானத்தின் பின்னே இருந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. ஆனால் அப்படிச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை.

மினெர்வாவின் தலையும் மீசை வைத்த முகமும்

1727ஆம் ஆண்டு பாத் நகரின் ஸ்டால் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் கையில் ஒரு வெண்கலத் தலை அகப்பட்டது. ஆள் உயரத்தைவிடச் சற்றே பெரிய சிலையொன்றின் தலை அது. பொன்முலாம் பூசப்பட்டது, அதுவும் ஒரு தடவையல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்குகள் உள்ளன. முலாம் மங்கும்தோறும் புதுப்பித்து, தலைமுறை தலைமுறையாக அந்தச் சிலையைப் பேணியிருக்கிறார்கள். உச்சியில் தனியாகச் செய்து பொருத்திய தலைக்கவசம் இருந்த தடயம் உள்ளது, கவசம் கிடைக்கவில்லை. முகத்தில் கெல்டியச் சாயல் எதுவும் இல்லை. ரோமிலோ ஏதென்ஸிலோ இருந்து வந்த ஒருவர் இதைப் பார்த்தால் அறிவுக்கும் போருக்கும் உரிய ரோமத் தெய்வமான மினெர்வா என்று உடனே அடையாளம் கண்டிருப்பார்.

1790இல் புதிய மண்டபம் ஒன்றுக்கு அடித்தளம் போட்டபோது வெளிப்பட்ட கோயில் முகப்பின் முக்கோணச் சிற்பம் அவ்வளவு எளிதாக அடையாளத்துக்குள் அடங்காது. நடுவே ஒரு வட்டக் கேடயம். அதைச் சிறகுள்ள இரு வெற்றித் தேவதைகள் உருண்டைகளின் மீது நின்று தாங்குகிறார்கள். கீழே ஒரு ஆந்தை, டால்பின் தலை வடிவிலான ஒரு கவசம். இவையெல்லாம் மினெர்வாவின் உலகத்துக்கு உரிய பொருட்கள். கேடயத்தின் நடுவில் மினெர்வாவின் வழக்கப்படி, பாம்புகளே கூந்தலான அரக்கி மெடூசாவின் தலை இருக்க வேண்டும். இருப்பதோ அடர்ந்த மீசையும் சுருங்கிய புருவமும் நிலைகுத்திய பார்வையும் கொண்ட ஓர் ஆணின் முகம். முடியும் தாடியும் சுடர்களைப் போலவோ நீரலைகளைப் போலவோ சுற்றிலும் விரிகின்றன. பாம்புகளும் இடையிடையே தெரிகின்றன. கடல் தெய்வம் என்று சிலரும், சூரியன் என்று சிலரும், உள்ளூர்ச் சிற்பி தமக்குத் தெரிந்த வகையில் செதுக்கிய மெடூசாவே என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். ஒரே விளக்கத்தைத் தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை நான் உணரவில்லை. ரோமக் கண்ணுக்கு அது மெடூசாவாகவும், ஊற்றை நாடி வந்த உள்ளூர்க்காரரின் கண்ணுக்கு நீருக்குள்ளிருந்து பார்க்கும் ஏதோ ஒரு வல்லமையாகவும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படித் தோன்றுவதற்கு ஏற்ற இடத்தில்தான் அதை உயரே வைத்திருக்கிறார்கள்.

எந்தப் பெயரால் அழைத்தார்கள்

பிறர் தெய்வங்களை ரோமப் பெயர்களால் குறிக்கும் வழக்கத்துக்குப் பழைய நூல்களிலேயே சான்று உண்டு. கால் நாட்டினர் (இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த கெல்டியர்) மெர்க்குரியை மிகுதியாக வணங்குகிறார்கள், அடுத்து அப்போலோ, மார்ஸ், ஜூப்பிட்டர், மினெர்வா என்று சீசர் எழுதினார். அவர்களின் மொழியில் அத்தெய்வங்களின் பெயர் என்ன என்று அவர் சொல்லவே இல்லை. சுமார் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஜெர்மானியரைப் பற்றி எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஓரிடத்தில் இந்த வழக்கத்தையே 'ரோம விளக்கம்' என்று பெயரிட்டுக் குறிப்பிட்டார். பாத் ஊற்றைப் பற்றி 3ஆம் நூற்றாண்டில் எழுதிய சொலினஸும் இதே வழியில்தான் சென்றார்: பிரிட்டனில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன, அவற்றுக்குத் தலைவி மினெர்வா, அவள் கோயிலில் அணையாத நெருப்பு எரிகிறது, அந்த நெருப்பு சாம்பலாகாமல் கல் உருண்டைகளாக மாறுகிறது என்பது அவர் தரும் செய்தி. கல் உருண்டை என்றது அருகிலுள்ள சோமர்செட் பகுதியின் நிலக்கரி எரிந்து எஞ்சிய கசடாகலாம். அவர் குறிப்பில் சூலிஸ் என்ற பெயருக்கு இடமில்லை.

ஊற்றுக்கு நேரில் வந்தவர்களின் சான்று இதற்கு நேர்மாறானது. பாத் நகரத்துக் கல்வெட்டுகளில் சூலிஸின் பெயர் முன்னே நிற்கிறது; மினெர்வா என்ற பெயர் சேரும்போது பெரும்பாலும் அதன் பின்னேதான் சேர்கிறது; பல கல்வெட்டுகளில் அது சேர்வதே இல்லை. ஆறாம் படைப்பிரிவின் நூற்றுவர் தலைவரான மார்க்கஸ் அவுஃபிடியஸ் மாக்சிமஸ் நலமாக இருக்க வேண்டும் என்று அவரால் விடுதலை செய்யப்பட்ட யூட்டிக்கஸ், லெம்னஸ் என்ற இருவர் தனித்தனியே பலிபீடம் எடுத்தார்கள். இரண்டும் சூலிஸ் தேவிக்கு என்றே தொடங்குகின்றன. முன்னாள் அடிமைகள், ரோமப் படையோடு பிணைந்த வாழ்க்கை, எஜமானருக்காக வேண்டுதல் என எல்லாமே ரோமமயமான சூழல். இருந்தும் வேண்டுதலைக் கேட்பவள் சூலிஸ்.

கோயிலின் பூசாரியாக இருந்த கயஸ் கால்பூர்னியஸ் ரெசெப்டஸின் கல்லறைக் கல் 1795இல் கிடைத்தது. அவர் 75 ஆண்டுகள் வாழ்ந்தார். கல்லை நிறுத்தியவர் அவரால் விடுதலை செய்யப்பட்டு அவருக்கு மனைவியான கால்பூர்னியா டிரிஃபோசா. மூன்று பகுதிகள் கொண்ட முழு ரோமக் குடிமகன் பெயர் உடைய இந்த மனிதரின் பதவியைக் கல்வெட்டு 'சூலிஸ் தேவியின் பூசாரி' என்று பொறித்திருக்கிறது. மினெர்வாவின் பூசாரி என்று அவர் தம்மைச் சொல்லிக்கொள்ளத் தடை ஏதும் இருந்திருக்காது.

இதைவிடச் சுவையானது 1965இல் கிடைத்த ஒரு சிலைப்பீடம். பலிவிலங்கின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்லும் கலை இத்தாலியின் எட்ரூரியாவுக்கு உரியது. அந்தக் கலையில் தேர்ந்த லூசியஸ் மார்சியஸ் மெமோர் என்பவர் சூலிஸுக்குக் காணிக்கையாக வைத்த சிலையின் பீடம் அது. அவரது பதவிப் பெயரைக் கல்தச்சர் முதலில் மூன்றெழுத்துச் சுருக்கமாக நடுவரியில் சமச்சீராக வெட்டியிருக்கிறார். பிறகு யாரோ சொல்ல, மேலும் மூன்று எழுத்துகளை வலப்பக்கம் சேர்த்திருக்கிறார். அதனால் அந்த வரி மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் படித்து இன்ன பதவி என்று புரிந்துகொள்ளக் கூடியவர்கள் பிரிட்டனில் அதிகம் இல்லை என்பது, வெட்டி முடித்த பிறகே தெரிந்திருக்கும் போலும். தீவு முழுவதிலும் இந்தப் பதவியைச் சொல்லும் கல்வெட்டு இது ஒன்றுதான்.

வந்தவர்களில் கடல் கடந்த கெல்டியரும் இருந்தார்கள். இன்றைய சார்த்ர் நகரப் பகுதியின் கார்னுடெஸ் குலத்தைச் சேர்ந்த கல்தச்சர் பிரிஸ்கஸ் சூலிஸுக்குக் கல் நாட்டினார். இன்றைய ஜெர்மனியின் ட்ரியர் பகுதியிலிருந்து வந்த பெரெகிரினஸ் என்பவரோ, சூலிஸின் ஊரிலேயே தம் சொந்த நாட்டுத் தெய்வங்களான லூசெட்டியஸ் மார்ஸுக்கும் நெமெட்டோனாவுக்கும் பலிபீடம் எடுத்தார். அதற்கு அங்கே யாரும் மறுப்புச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஈயத்தில் எழுதிய பிராதுகள்

கல்லில் பொறிக்கக் காசு வேண்டும். ஈயத்தகடு மலிவு, அருகிலுள்ள மெண்டிப் குன்றுகளில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. ஆகவே வசதி குறைந்தவர்களின் குரலைக் கேட்கத் தகடுகளிடம்தான் போக வேண்டும்.

1978இல் ஊற்று நீரில் நோய்க்கிருமி இருப்பது ஓர் உயிரிழப்புக்குப் பிறகு தெரியவந்து, நீராடுவது நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து 1979, 1980 ஆண்டுகளில் தொல்லியலாளர் பாரி கன்லிஃபின் தலைமையில் ஊற்றின் அடிப்படிவு அகழப்பட்டது. 12,000க்கு மேற்பட்ட ரோம நாணயங்கள், வெள்ளீயக் கலவைப் பாத்திரங்கள் ஆகியவற்றோடு சுருட்டியும் மடித்தும் எறியப்பட்ட சாபத்தகடுகள் பெருமளவில் வெளிவந்தன. முன்பே கிடைத்தவற்றையும் சேர்த்துச் சுமார் 130 தகடுகளை ரோஜர் டாம்லின் படித்து 1988இல் பதிப்பித்தார். இவற்றைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி போதும். 1880இல் கிடைத்த தகடு ஒன்றை ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத் தலைவர் நிக்கல்சன் ஆராய்ந்து, அது வினிசியஸ் என்பவர் நிக்ரா என்ற பெண்ணுக்கு எழுதிய 4ஆம் நூற்றாண்டுக் கிறித்தவக் கடிதம் என்று 1904இல் நூலாகவே வெளியிட்டார். அவர் தகட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருந்தார் என்பதை டாம்லின்தான் பின்னர்க் காட்டினார்.

தகடுகளில் பெரும்பான்மை திருட்டைப் பற்றியவை. திருடு போனவை பெரிய சொத்துகள் அல்ல: மேலங்கி, குளியல் உடை, பாத்திரம், ஒரு கலப்பையின் கொழு, ஐந்து தெனாரியஸ் பணம். டொசிமெடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்துவிட்டு, எடுத்தவரின் அறிவும் கண்களும் கோயிலிலேயே போக வேண்டும் என்று கேட்கிறார். குளியலறைத் திருட்டு ரோம உலகமெங்கும் இருந்த தொல்லை. பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்த சட்டத்திரட்டில் குளியலறைத் திருடர்களுக்கென்றே தனித் தலைப்பு உண்டு. உடையைக் கழற்றி வைத்துவிட்டு நீருக்குள் இறங்கினால் யாருடைய அடிமை காவல் நிற்கிறாரோ அவருடைய உடை மிஞ்சும். அடிமை வைத்துக்கொள்ள வசதியில்லாதவரின் உடை போய்விடும். டொசிலியானஸ் பறிகொடுத்த முக்காட்டு அங்கிக்கு அவர் எழுதிய பெயர் காராகல்லா என்பதன் திரிபு. அந்த அங்கியை விரும்பி அணிந்ததால்தான் அந்தோனினஸ் என்ற பேரரசருக்கு காராகல்லா என்ற பட்டப்பெயர் ஒட்டியது.

ஒரு பிராது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சொலினஸ் என்ற ஒருவரின் தகடு (மேலே சொன்ன நூலாசிரியர் வேறு) இப்படிச் செல்கிறது: தம் குளியல் உடையையும் மேலங்கியையும் தேவியின் தெய்வத்தன்மைக்கும் மாட்சிக்கும் அவர் கொடுத்துவிடுகிறார், தமக்குத் தீங்கு செய்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமையல்லாதவரோ, தம்மை வெளிப்படுத்திக்கொண்டு அந்தப் பொருட்களைக் கோயிலுக்குக் கொண்டுவராத வரையில் அவருக்கு உறக்கத்தையும் நலத்தையும் தேவி அனுமதிக்கலாகாது.

இதில் முதல் வாக்கியமே திறவுகோல். பொருள் கையைவிட்டுப் போன பிறகு அதைத் தேவிக்குக் காணிக்கை ஆக்குகிறார் பறிகொடுத்தவர். அந்தக் கணத்திலிருந்து திருடர் வைத்திருப்பது சொலினஸின் துணி இல்லை, சூலிஸின் சொத்து. தனிமனிதரிடம் செய்த களவு தெய்வத்தின் உடைமையில் கைவைத்த குற்றமாகிவிடுகிறது. இழந்தவரின் வழக்கு தேவியின் சொந்த வழக்காகிவிடுகிறது. எல்லா வகை மனிதரையும் இரண்டிரண்டாக அடுக்கி யாரும் தப்பிவிடாமல் வலை விரிக்கும் வாசகம் சட்ட ஆவணங்களின் நடையில் பழகிய கைக்கு உரியது. விண்ணப்பம், காணிக்கை, நிபந்தனை, தண்டனை என்ற வரிசை வழக்குமன்றத்துக்கு எழுதியதைப் போலவே உள்ளது.

ஏன் வழக்குமன்றத்துக்கே போகவில்லை என்ற கேள்விக்கு ரோமச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. அதில் களவு பெரும்பாலும் தனியார் வழக்கு. கையும் களவுமாகப் பிடிபட்டவரிடம் பொருளின் மதிப்பைப் போல் நான்கு மடங்கும், பிறரிடம் இரண்டு மடங்கும் கேட்கலாம். ஆனால் திருடரைக் கண்டுபிடித்து நிறுத்துவது இழந்தவரின் பொறுப்பு. யாரென்றே தெரியாத எதிராளி மீது வழக்குத் தொடுக்க முடியாது. மன்றத்தின் கை எட்டாத அந்த இடத்தில்தான் சூலிஸின் அதிகாரம் தொடங்குகிறது. அவளுக்கு எதிராளியின் பெயர் தேவையில்லை. சாட்சி தேவையில்லை. திருடரின் உறக்கம், கண், குருதி, குடல் எல்லாம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன.

ஒரு தகடு திருட்டைப் பற்றியது அல்ல. அதனால் அது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. யூரிகாலஸ், அவர் மனைவி டொசிலோசா, மகன் டொசிலிஸ், டொசிலினா, சகோதரர் டெசென்டினஸ், அலோஜியோசா ஆகியோர் ஏப்ரல் 12ஆம் நாள் சூலிஸ் தேவியின் ஊற்றில் சத்தியம் செய்ததாகப் பெயர்களை வரிசையாகத் தருகிறது அது. அங்கே பொய்ச்சத்தியம் செய்தவர் எவராயினும் தம் குருதியால் சூலிஸுக்கு ஈடு செலுத்தும்படி அவள் செய்ய வேண்டும் என்று முடிகிறது. ஒரு குடும்பத்துக்குள் ஏதோ தகராறு. சொத்தா, பழியா என்று தகடு சொல்லவில்லை. தீர்ப்பதற்கு அவர்கள் கூடிய இடம் ஊற்றங்கரை. அந்தச் சத்தியத்துக்குக் காவல் சூலிஸ். இக்குடும்பத்தின் பெயர்களில் கெல்டிய வேரும் லத்தீன் ஈறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

எழுதிய கைகள்

கோயில் வாசலில் கூலிக்கு எழுதுபவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணத் தோன்றும். கையெழுத்துகள் அப்படிச் சொல்லவில்லை. ஒரே கை எழுதிய இரண்டு தகடுகளைக் காண்பது அரிது. வாசகங்கள் மட்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. பொதுவில் வழங்கிய மாதிரி வாசகத்தைப் பார்த்து அவரவரே எழுதினார்கள் என்று கொள்வதே பொருத்தம். ஒரு தகட்டில் 'எழுதிய தாள் படியெடுக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு குறிப்பும் உள்ளது. சிலர் சொற்களைப் பின்னிருந்து முன்னாக எழுதினார்கள். எழுதவே தெரியாத சிலர் எழுத்தைப் போலத் தோன்றும் கீறல்களை வரிவரியாகக் கீறி மடித்து எறிந்திருக்கிறார்கள். மனிதர் எவரும் படிக்க முடியாத அந்தப் பிராதையும் தேவி படிப்பாள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எழுத்து என்ற ரோமப் பழக்கம் படிப்பறிவில்லாதவர்களின் பக்தி வரைக்கும் இறங்கியிருந்ததும் தெரிகிறது.

தகடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்பெயர்கள் கிடைக்கின்றன. ஏறத்தாழப் பாதி கெல்டியப் பெயர்கள். மீதியும் பெரும்பாலும் தனிச்சொல்லாக வரும் சாதாரண லத்தீன் பெயர்கள். கல்வெட்டுகளில் காணும் முழு ரோமக் குடிமகன் பெயர்களையும் படைவீரர்களையும் இங்கே காண்பது அரிது. ஆகவே ஒரே தெய்வத்தின் முன் இரண்டு வகை மக்கள் நின்றார்கள் என்று சொல்லலாம்: நேர்த்திக்கடன் தீர்த்து அதை ஊரறியக் கல்லில் பொறித்தவர்கள் ஒரு வகை, பிராதைச் சுருட்டி நீருக்குள் எறிந்துவிட்டுப் போனவர்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் பேசிய மொழியின் தடமும் ஒரு பதக்கத்தில் தங்கியிருக்கலாம். விந்தியோரிக்ஸ் என்ற பெயர் வரும் அந்தப் பதக்கத்தின் வாசகம் லத்தீனாகப் படிக்க முடியாதது. பிரிட்டனின் கெல்டிய மொழியிலான வாசகமாக அது கருதப்படுகிறது. மற்றவர்கள் வீட்டில் அந்த மொழியைப் பேசிவிட்டு, தெய்வத்துக்கு லத்தீனில் எழுதினார்கள். முறையீடு என்றால் லத்தீன் என்று ஆகிவிட்டது.

நோய் தீர்க்கும் தெய்வமா

சுற்றுலாக் குறிப்புகள் சூலிஸை நோய் தீர்க்கும் தெய்வம் என்று எழுதுகின்றன. வெந்நீர் ஊற்றுக்கு நோயாளிகள் வந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. தந்தத்தில் செதுக்கிய ஒரு சோடி முலைகள் ஊற்றிலிருந்து கிடைத்துள்ளன. பால் கொடுத்த ஒரு தாயின் காணிக்கையாக அது இருக்கலாம். ஆனால் பிரான்சில் சேன் ஆறு பிறக்கும் இடத்தில் செக்குவானா தேவிக்கு வைத்த மரக் கைகளையும் கால்களையும் தலைகளையும் கண்களையும் பார்த்தவர்களுக்கு, பாத் ஊற்றின் உடலுறுப்புக் காணிக்கைகள் எவ்வளவு குறைவு என்பது உறைக்கும். கையில் கிடைத்த சான்றின் எடைப்படி, சூலிஸ் மருத்துவச்சி என்பதைவிட நீதிபதி என்பதே கூடுதல் பொருத்தம். நலத்தைக் கொடுப்பவளுக்கு அதைப் பறிக்கவும் முடியும் என்று வழிபட்டவர்கள் கருதியிருந்தால், இரண்டும் ஒரே அதிகாரத்தின் இரு பக்கங்கள்தாம்.

அண்டைக் கோயில்கள்

சூலிஸின் வழக்கு தனித்த ஒன்றா என்று அறிய அருகில் பார்த்தால் போதும். பாத் நகருக்கு வடக்கே யூலி என்ற இடத்தில் மெர்க்குரியின் கோயிலில் இதே போன்ற தகடுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. அவற்றுள் சட்டர்னினா என்ற பெண் துணி ஒன்றை இழந்ததற்காகக் கொடுத்த மனுவில், முதலில் மார்ஸ் சில்வானஸ் என்று எழுதிய பெயரின் மேலேயே மெர்க்குரி என்று திருத்தியிருக்கிறது. கோயிலுக்கு உரிய தெய்வத்தின் ரோமப் பெயர் எது என்பதில் வழிபட்டவருக்கே தடுமாற்றம். லிட்னி என்ற ஊரில் நோடென்ஸ் என்ற கெல்டியத் தெய்வத்திடம் சில்வியானஸ் என்பவர் காணாமல் போன மோதிரத்தின் மதிப்பில் பாதியைத் தருவதாக நேர்ந்துகொண்டு, செனிசியானஸ் என்ற பெயருடையவர்களுக்கு மோதிரம் கோயிலுக்குத் திரும்பும்வரை நலம் கூடாது என்று கேட்டார். தொலைவில், பிரிட்டனின் வடக்கே ரோமர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரின் கரோபர்க் முகாமருகே, 1876இல் அகழ்ந்து பார்க்கப்பட்ட கிணற்றில் 13,000க்கு மேற்பட்ட நாணயங்களைப் பெற்றிருந்த கோவென்டினா தேவிக்கு ரோமத் தெய்வம் எதனோடும் பெயர் இணைப்பே ஏற்படவில்லை. அவளை வணங்கியவர்கள் பெரும்பாலும் ரோமப் படைவீரர்கள்.

இந்தப் போக்கு பேரரசின் உச்சி வரை சென்றது. அங்கியால் பெயர் பெற்ற அதே காராகல்லா நோயுற்றபோது எஸ்குலாப்பியஸ், செராப்பிஸ் ஆகியோரோடு கெல்டியத் தெய்வமான கிரானஸிடமும் நலம் வேண்டியதாக வரலாற்றாசிரியர் டியோ எழுதியிருக்கிறார். குதிரைகளின் கெல்டியத் தெய்வமான எப்போனா பெயர் மாறாமலே படைவீரர்களோடு பேரரசின் பல மூலைகளுக்கும் போனாள்.

கிறித்தவர் பெயர் வந்த தகடு

4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தகட்டில் அன்னியானஸ் என்பவர் தம் பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசுகளை எடுத்தவரைப் பிடித்துத் தரும்படி கேட்கிறார். ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமையல்லாதவரோ என்ற பழைய அடுக்குக்கு முன்னே அவர் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறார்: 'புறச்சமயத்தவரோ கிறித்தவரோ'. மறுபக்கத்தில் பெயர்ப்பட்டியல் ஒன்று உள்ளது. அவர் ஐயப்பட்டவர்களாக இருக்கலாம். ஊரில் கிறித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் திருடக்கூடும், திருடினால் சூலிஸ் அவர்களையும் தண்டிப்பாள் என்பது அன்னியானஸின் நிலைப்பாடு. கிறித்தவரின் கடவுள் தம் அடியாரைக் காப்பாற்றிவிடுவார் என்ற அச்சம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மினெர்வாவாக உருமாறி உள்ளூர் வேரை இழந்த தெய்வத்திடம் இவ்வளவு உறுதி இருந்திருக்காது என்பது என் வாதம். 'அடிமையோ அடிமையல்லாதவரோ' என்பதைப் போல 'புறச்சமயத்தவரோ கிறித்தவரோ' என்பதும் அவள் ஆட்சிப் பரப்புக்குள் அடங்கும் மற்றொரு பிரிவு, அவ்வளவே.

பேரரசு கிறித்தவத்தின் பக்கம் சாய்ந்து, 391இல் பேரரசர் தியோடோசியஸ் பழைய பலிச்சடங்குகளையும் கோயில் வழிபாட்டையும் தடைசெய்த காலத்தில் பாத் கோயில் வளாகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. முற்றத்தில் சேறு படிவதும், அதன் மேல் மீண்டும் கல் பாவுவதுமாகப் பல அடுக்குகள் உருவாயின. பிற்பட்ட அடுக்குகளில் கோயிலின் செதுக்கிய கற்களே பாவு கற்களாகப் போடப்பட்டன. ஊற்றில் கிடைத்த நாணயங்களின் வரிசை 4ஆம் நூற்றாண்டின் இறுதியோடு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆனால் பிரிட்டனுக்குப் புதிய ரோம நாணயம் வருவதே 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோனதால், நாணயம் விழுவது நின்றதை வைத்துச் சூலிஸிடம் முறையிடுவதும் அன்றே நின்றது என்று முடிவு கட்டுவதற்கில்லை.